24 பேருக்காக எழுதிய சட்டம்: இலங்கையின் 1962 சதி வழக்கு

1962 ஜனவரி 27, சனிக்கிழமை. அன்று நள்ளிரவோடு கொழும்பில் ஆட்சி கைமாற வேண்டும் என்று சிலர் நாள் குறித்து வைத்திருந்தார்கள். கொழும்பு பொலிஸ் அத்தியட்சகர் ஸ்டான்லி சேனநாயக்கவிடம் விஷயத்தைச் சொல்லி உதவியும் கேட்டிருந்தார்கள். மனசு ஆறாமல் அவர் அதை மனைவி மாயாவிடம் சொன்னார். மாயா தன் தகப்பனார் குலரத்னவிடம் சொன்னார். குலரத்ன ஆளும் சுதந்திரக் கட்சியோடு நெருங்கியவர். அவர் நேரே பொலிஸ் மா அதிபர் அபேகோனிடம் போனார். இருட்டும்போது பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. 'ஹோல்ட்ஃபாஸ்ட்' என்று பெயர் வைத்த நடவடிக்கை தொடங்குவதற்கு முன்பே முடிந்துபோனது.

இந்தச் சதியை யார் போட்டார்கள், யார் காட்டிக்கொடுத்தார்கள், பின்னணியில் இன்னார் இருந்தாரா என்று கொழும்பில் இன்றைக்கும் பேசுவார்கள். அது சுவையான கதைதான். ஆனால் எனக்கு அதைவிட அக்கறையான கதை மறுநாள் காலையில் தொடங்குகிறது: பிடிபட்டவர்களை ஓர் அரசு என்ன செய்தது, அதற்காகச் சட்டத்தை எப்படி வளைத்தது, வளைந்த சட்டம் பிறகு எங்கெல்லாம் போனது என்ற கதை.

பிடிபட்டவர்கள்

முதலில் ஆட்களைப் பார்த்துவிடலாம். கேணல் எஃப்.சி. டி சேரம், தொண்டர் படையின் மூத்த அதிகாரி. 1934இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்காக ஆஸ்திரேலிய அணிக்கு எதிராகச் சதம் அடித்த கிரிக்கெட் வீரர். கேணல் மொரிஸ் டி மெல். கடற்படைத் தளபதிப் பதவியிலிருந்து முன்பே வெளியேற்றப்பட்டிருந்த ரியர் அட்மிரல் ரோய்ஸ் டி மெல். பிரதிப் பொலிஸ் மா அதிபர் சி.சி. திசாநாயக்க, 'ஜங்கிள்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஓய்வுபெற்ற பிரதிப் பொலிஸ் மா அதிபர் சிட்னி டி சொய்சா. சிவில் சேவை அதிகாரி டக்ளஸ் லியனகே. குற்றப்பத்திரத்தில் முதல் பெயர் அவருடையது என்பதால் வழக்கே அவர் பெயரில்தான் நிற்கிறது.

சிங்களவர், தமிழர், ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் மூவரும் இதில் இருந்தார்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், நல்ல கல்லூரிகளில் ஆங்கிலத்தில் படித்தவர்கள். 1956இன் தனிச் சிங்களச் சட்டம், 1960-61இல் அரசு கையேற்ற பாடசாலைகள், அடிக்கடி வந்த வேலைநிறுத்தங்கள், அவசரகாலச் சட்டங்கள் என்று நாடு தங்கள் கையைவிட்டு நழுவுவதாக அந்த வர்க்கத்துக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணத்தில் பாதி நியாயமான கவலை, மீதிப் பாதி பழைய அந்தஸ்து போகிறதே என்ற பதற்றம். பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவையும் அமைச்சர்களையும் பிடித்து அடைப்பது, பனாகொடை முகாமிலிருந்து படை வராமல் வழியை மறிப்பது, தொலைபேசி, தந்தி நிலையங்களைக் கைப்பற்றுவது என்பதெல்லாம் திட்டம். மக்கள் தேர்ந்தெடுத்த அரசைத் துப்பாக்கி முனையில் இறக்கப் பார்த்தார்கள். அதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இதைச் சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு. அப்பாவிகளுக்கு அநியாயம் நடந்தது என்று எழுதுவது எளிது. இந்த வழக்கின் சிக்கல் வேறு. உள்ளே இருந்தவர்களில் சிலர் செய்ததை ஒப்புக்கொண்டவர்கள். டி சேரம் பொறுப்பைத் தன் தலையில் ஏற்கும் விதமாகவே வாக்குமூலம் கொடுத்தார். குற்றம் செய்தவன் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவனை எப்படி நடத்த வேண்டும் என்பதுதான் கேள்வி.

சிறையில்

கைதானவர்களை வெலிக்கடையில் மெகசின் சிறைப் பகுதியில் ஒவ்வொருவராகத் தனிமையில் அடைத்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேச முடியாது. விசாரணையைப் பொலிஸ் மட்டும் நடத்தவில்லை. பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சின் நாடாளுமன்றச் செயலாளராகவும் நிதியமைச்சராகவும் இருந்த பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க தானே உட்கார்ந்து கேள்வி கேட்டார். முப்பது வயதை அப்போதுதான் தாண்டியிருந்த வழக்கறிஞர், கெட்டிக்காரர், பிரதமரின் குடும்பத்தார். சதிகாரர்கள் அடைக்க நினைத்தவர்களில் ஒருவர். யாரைக் கவிழ்க்கப் பார்த்தார்களோ அவரே விசாரணையாளராகவும் உட்கார்ந்தார். அங்கேயே கோணல் தொடங்கிவிட்டது.

இன்னொரு வினோதம். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்குப் பொறுப்பாக இருந்த பிரதிப் பொலிஸ் மா அதிபர் எஸ்.ஏ. திசாநாயக்க, கைதான 'ஜங்கிள்' திசாநாயக்கவின் உடன்பிறந்த சகோதரர். நாடகத்தில் எழுதினால் மிகை என்று வெட்டிவிடுவார்கள்.

அடி, உதை, நகம் பிடுங்குதல் என்று இந்த வழக்கில் இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் இந்த நாட்டில் கைதிகள் பட்டதோடு ஒப்பிட்டால் இவர்கள் பட்டது ஒன்றுமே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் இவர்களுக்கு நடந்தது உடம்பில் நடந்ததல்ல, சட்டப் புத்தகத்தில் நடந்தது. உடம்புக் காயம் ஆறிவிடலாம். சட்டப் புத்தகத்தில் விழுந்த கீறலை அடுத்து வருபவன் எடுத்துப் படிப்பான்.

தடுத்து வைப்பது மட்டும் புதிதாக வந்துவிடவில்லை. முந்திய ஆண்டு, 1961 பெப்ரவரியில் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தொடங்கிய சத்தியாக்கிரகத்தை அடக்க ஏப்ரலில் அவசரகாலம் பிறப்பித்து, தமிழரசுக் கட்சித் தலைவர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் பனாகொடை இராணுவ முகாமில் மாதக் கணக்கில் வைத்திருந்தார்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. அப்போது கொழும்பு மேல்தட்டு பெரிதாகப் பதறியதாகத் தெரியவில்லை. ஒரு வருடம் போகவில்லை, அதே மேல்தட்டின் பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள்.

பெப்ரவரி 13இல் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. சதியின் விவரமும் அதில் இருந்தது, முக்கிய சதிகாரர்கள் என்று 13 பேரின் பெயரும் இருந்தது. கடைசியில், குற்றவாளிகள் எல்லோருக்கும் மற்றவர்கள் அஞ்சும்படியான கடும் தண்டனை கொடுத்தாக வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அப்போது குற்றப்பத்திரமே இல்லை, நீதிமன்றம் கூடவில்லை. பெயர், குற்றம், தண்டனை மூன்றும் அச்சில் வந்துவிட்டன. பாக்கி இருந்தது வழக்கு மட்டும்தான்.

நாட்டில் பிரித்தானிய முடியின் பிரதிநிதியாக இருந்த மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்கவின் பெயரும் விசாரணையில் அடிபட்டது. அவர் மீது வழக்குப் போடவில்லை. மார்ச் 2ஆம் தேதி அவருடைய இடத்துக்கு வில்லியம் கொபல்லாவ வந்தார். ஒலிவர் நாட்டைவிட்டுப் போனார். கேணலுக்குச் சிறை, மகாதேசாதிபதிக்குக் கப்பல் டிக்கெட். பெரிய வழக்குகளில் இப்படி ஒரு படி எப்போதும் இருக்கும்; அந்தப் படிக்கு மேல் பொலிஸ் ஏறாது.

பின்தேதியிட்ட சட்டம்

அரசுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. ஆட்சிக் கவிழ்ப்பு நடக்கவே இல்லை. ஆயுதமேந்தி யாரும் தெருவுக்கு வரவில்லை. பழைய தண்டனைச் சட்டக்கோவையை வைத்து இதை நிரூபிப்பது கஷ்டம். கையில் இருந்த பெரிய ஆதாரம் கைதிகளின் வாக்குமூலங்கள். அவற்றையோ நீதிமன்றத்தில் காட்ட முடியாது. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் இந்தியச் சாட்சியச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராகக் காட்டக் கூடாது என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. காவலில் இருக்கும்போது சொன்னதற்கு 26ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்தான். ஆனால் நம்மூர் பொலிஸ் ஒப்புதலை எப்படி வாங்கும் என்று தெரிந்து எழுதியது.

அதனால் 1962 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. குற்றவியல் சட்ட விசேட ஏற்பாடுகள் சட்டம். அது ஜனவரி 1ஆம் தேதியிலிருந்தே அமலில் இருந்ததாகப் பின்தேதி போட்டார்கள். சதி குறித்த நாள் 27 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

சட்டம் செய்த காரியங்கள் இவை. ஏற்கெனவே அடைத்து வைத்திருந்ததைச் சரியென்று ஆக்கியது. அரசைச் சட்டவிரோதமாகக் கவிழ்க்கச் சதி செய்வதைத் தண்டனைச் சட்டக்கோவையில் புதிய வார்த்தைகளோடு குற்றமாகச் சேர்த்தது. காவலில் வாங்கிய வாக்குமூலங்களைச் சாட்சியமாக ஏற்க வழி திறந்தது. குறைந்தபட்சத் தண்டனை 10 வருடம், கூடவே சொத்துப் பறிமுதல் கட்டாயம் என்று சொன்னது. ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள், அந்த மூவர் யார் என்பதை நீதியமைச்சர் பெயர் சொல்லி நியமிப்பார் என்றும் சொன்னது. இதற்கெல்லாம் மேலே ஒரு விஷயம்: இந்தச் சதி தொடர்பான வழக்குகள் முடிந்ததும் இந்த விசேட ஏற்பாடுகளும் காலாவதியாகிவிடும்.

அதாவது, இது நாட்டுக்கான சட்டம் இல்லை. ஒரு சிறைக்கூடத்தில் இருந்த, பெயரும் முகமும் தெரிந்த சிலருக்கான சட்டம். வேலை முடிந்ததும் சுருட்டி வைத்துவிடலாம். தையல்காரன் ஆளை நிறுத்தி அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

நீதிபதிகள் முரண்டு பிடித்தார்கள்

1962 ஜூனில் சட்டமா அதிபர் 24 பேர் மீது குற்றம் சாட்டினார். நீதியமைச்சர் மூன்று உயர் நீதிமன்ற நீதிபதிகளை நியமித்தார்: டி.எஸ். பெர்னாண்டோ, எல்.பி. டி சில்வா, ஸ்ரீஸ்கந்தராஜா. ஜூலையில் வழக்கு தொடங்கியது. எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களின் தரப்பு, எடுத்த எடுப்பிலேயே, உங்களுக்கு இதை விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று வாதிட்டது. வழக்கில் ஒரு தரப்பான அரசு தனக்கு வேண்டிய நீதிபதிகளைத் தானே தேர்ந்தெடுத்தால் அது என்ன நீதிமன்றம் என்பது கேள்வி.

ஒக்டோபர் 3ஆம் தேதி மூவரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். எந்த வழக்கை எந்த நீதிபதி விசாரிப்பது என்பது நீதித்துறை அதிகாரத்தின் பகுதி, அதை அமைச்சரிடம் கொடுக்க முடியாது என்றார்கள். அந்த நியமனம் சட்டப்படி செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், நீதி வழங்கினால் மட்டும் போதாது, வழங்கியதாகத் தெரியவும் வேண்டும் என்ற காரணத்தால் தாங்கள் விலகவே நேரும் என்றும் சொன்னார்கள். தங்களை நியமித்த அமைச்சரிடம், உமக்கு நியமிக்க அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துபோன நீதிபதிகள் இவர்கள். இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

அரசு சும்மா இருக்கவில்லை. நவம்பரில் திருத்தச் சட்டம் கொண்டுவந்து, நியமிக்கும் வேலையைப் பிரதம நீதியரசரிடம் கொடுத்தது. இரண்டாவது நீதிமன்றம் கூடியது. அதில் ஒரு நீதிபதி முன்பு சட்டமா அதிபர் பொறுப்பைப் பார்த்தபோது இதே விசாரணைக்கு உதவியவர் என்று தெரிந்தது. அந்த நீதிமன்றமும் கலைந்தது. மூன்றாவது நீதிமன்றம் 1963 ஜூனில் உட்கார்ந்து 324 நாள் விசாரித்தது.

1965 ஏப்ரல் 6இல் தீர்ப்பு. 24 பேரில் 11 பேர் குற்றவாளிகள். டி சேரம், இரு டி மெல்கள், லியனகே, ஜங்கிள் திசாநாயக்க, சிட்னி டி சொய்சா எல்லோரும் அதில் அடக்கம். ஒவ்வொருவருக்கும் 10 வருடச் சிறை, சொத்துப் பறிமுதல். மீதிப் பேர் மீது குற்றம் நிற்கவில்லை. 'சதிகாரர்கள்' என்று மூன்று வருடமாக நாடு அழைத்த கூட்டத்தில் பாதிக்கு மேல் அப்படிப் போயிற்று.

தண்டனை கொடுத்த நீதிபதிகளே அந்தத் தீர்ப்பில் தங்கள் மனத்தாங்கலையும் எழுதி வைத்தார்கள். சதியைத் திட்டமிட்டவர்களையும், அதில் இழுத்து விடப்பட்டவர்களையும் வேறுபடுத்தித் தண்டிக்கவே தாங்கள் விரும்பியதாகவும், சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை என்றும் சொன்னார்கள். சட்டம் பின்தேதியிட்டது மட்டுமல்ல, இந்த ஒரு சதிக்கு மட்டுமே பொருந்துவது. இந்தப் பாகுபாடு தங்களுக்கு விளங்கவில்லை என்றார்கள். எந்த அரசு ஆட்சியில் இருந்தாலும், செய்தவர் யாராக இருந்தாலும், அரசத் துரோகம் நீதிமன்றத்துக்கு ஒரே அளவு கொடிய குற்றம்தான் என்பது அவர்கள் நிலை. 'விளங்கவில்லை' என்று நீதிபதிகள் எழுதினால் நன்றாக விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

லண்டனில்

அந்த நாளில் இலங்கையின் கடைசி மேன்முறையீடு லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போகும். நம் பழைய சட்டப் புத்தகங்களில் கோமறைக் கழகம். சுதந்திரம் வாங்கி 17 வருடம் கழித்தும் தன் நாட்டுக் குற்றவாளியின் விதியை வெள்ளைக்கார நீதிபதிகள் தீர்மானிப்பது பல இலங்கையருக்குக் கசந்தது. அந்தக் கசப்பை நான் குறை சொல்லமாட்டேன். கதையின் பின்பாதிக்கு அது வேண்டும்.

11 பேரின் வழக்கறிஞர்கள் இரண்டு வழியில் தாக்கினார்கள். ஒன்று, இந்தச் சட்டம் நீதியின் அடிப்படைக் கோட்பாடுகளுக்கு விரோதம், ஆகவே செல்லாது. பிரிவி கவுன்சில் இதை ஏற்கவில்லை. இலங்கை நாடாளுமன்றம் சுதந்திர நாட்டின் நாடாளுமன்றம். சட்டம் அநியாயமானது என்பதற்காக லண்டன் அதைத் தூக்கி எறிய முடியாது. ஆங்கிலேய நீதிபதிகள் தங்கள் அதிகாரத்துக்குத் தாங்களே போட்டுக்கொண்ட எல்லை இது.

இரண்டாவது வழிதான் பலித்தது. சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பில் நீதித்துறை அதிகாரம் நீதிபதிகளுக்கே உரியது என்று ஒரு வரியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் 1833ஆம் ஆண்டு நீதிப் பட்டயத்திலிருந்து தொடர்ந்து வரும் நீதிமன்றங்கள், நீதிபதிகளை நீக்க வைத்த கடினமான வழி, அரசியல்வாதிகள் கை வைக்காதபடி அமைத்த நீதிச் சேவை ஆணைக்குழு இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அந்த அதிகாரம் சட்டமன்றத்தினதோ அமைச்சரவையினதோ அல்ல என்பது தெளிவு என்றார்கள். நாடாளுமன்றம் பொதுவாகச் சட்டம் இயற்றலாம். தெரிந்த ஆட்களைக் குறிவைத்து, அவர்கள் குற்றவாளியாகும்படியும் இவ்வளவு தண்டனை பெறும்படியும் பார்த்துச் சட்டம் செய்தால் அது தீர்ப்பு எழுதுவதாகிவிடும்.

1965 டிசம்பர் 2இல் பியர்ஸ் பிரபு வாசித்த தீர்ப்பில், வெள்ளை அறிக்கையில் பெயர் வந்து, சிறையில் தங்கள் கதிக்காகக் காத்திருந்தவர்களைக் குறிவைத்த சட்டம் இது என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். நிலைமையின் பாரதூரத்தையும் அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறை செய்ய விட்டால் மறுமுறையும் செய்யலாம், இதைவிடச் சிறிய நெருக்கடியிலும் செய்யலாம், இப்படியே நீதித்துறை அதிகாரம் அரித்துப்போகும் என்று எச்சரித்தார்கள். சட்டங்கள் இரண்டும் செல்லாது. தண்டனைகள் ரத்து. 11 பேரும் வெளியே வந்தார்கள். அவர்களை மறுபடி யாரும் கூண்டில் ஏற்றவில்லை. சட்டத்தைக் கொண்டுவந்த அரசு அதற்குள், அந்த ஆண்டு மார்ச் தேர்தலிலேயே தோற்றிருந்தது.

யோசித்துப் பார்த்தால் வயிற்றெரிச்சலான முடிவுதான். உள்ளபடியே சதி செய்தவர்களும் தப்பினார்கள். அவர்களைத் தப்பவைத்தது பிரிவி கவுன்சில் என்று நான் நினைக்கவில்லை. பழைய சட்டத்தின்படி, உள்ள ஆதாரத்தை வைத்து, சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால் சிலராவது முறையாகத் தண்டனை பெற்றிருக்கக்கூடும். தண்டனையை உறுதிப்படுத்துகிறேன் என்று அவசரப்பட்ட அரசுதான் வழக்கைக் கெடுத்தது.

அதற்கப்புறம்

மூன்று மாதம்கூடப் போகவில்லை. 1966 பெப்ரவரியில் இன்னொரு சதிக் குற்றச்சாட்டு. இப்போது ஆட்சியில் டட்லி சேனநாயக்க. சந்தேக நபர்களில் இராணுவத் தளபதி உடுகமவும் ஹேன்பிட்டகெதர ஞானசீக தேரரும் இருந்தார்கள். முந்தியவர்கள் ஆங்கிலக் கிறிஸ்தவ மேல்தட்டு. இவர்களைச் சிங்கள பௌத்தப் பக்கம் என்றார்கள். விசாரணையின்போது ஒரு கோப்ரல் குற்றப் புலனாய்வுத் தலைமையகத்தின் நாலாம் மாடியிலிருந்து விழுந்து செத்தார். நாலாம் மாடி என்ற சொல் பின்னாளில் தமிழ் வீடுகளில் எந்தக் குரலில் உச்சரிக்கப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. கடைசியில் அந்த வழக்கில் யாரும் குற்றவாளியாகவில்லை.

1970இல் சிறிமாவோ மறுபடி பதவிக்கு வந்தார். 1971 ஏப்ரலில் இடதுசாரி இளைஞர் இயக்கமான ஜே.வி.பி.யின் கிளர்ச்சி. ஆயிரக்கணக்கான கிராமத்து இளைஞர்கள் முகாம்களில். அவர்களை விசாரிக்க 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வந்தது: பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும், மேன்முறையீடு கிடையாது. 1962இல் எழுதியதைத் தூசி தட்டி எடுத்தது போல இருந்தது. இந்த முறை லண்டன் இல்லை. பிரிவி கவுன்சில் மேன்முறையீட்டை 1971இலேயே நிறுத்திவிட்டார்கள். 1972 மே மாதக் குடியரசு அரசியலமைப்பு, நீதித்துறை அதிகாரத்தையும் தேசிய அரசுப் பேரவையே நீதிமன்றங்கள் வழியாகச் செலுத்தும் என்று எழுதியது. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்றும் எழுதியது. லியனகே தீர்ப்பு நின்ற தரையையே உருவிவிட்டார்கள். காலனித்துவக் கட்டு அறுந்தது என்று அதைக் கொண்டாடினார்கள். அறுந்ததும் உண்மைதான், கூடவே கைதிக்கு இருந்த அந்தப் பாதுகாப்பு போனதும் உண்மைதான்.

அப்புறம் 1977. ஜே.ஆர். ஜெயவர்தன வந்தார். 1978இல் விசேட ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுச் சட்டம் போட்டு, முந்திய ஆட்சியாளர்கள் செய்ததை விசாரிக்க ஆரம்பித்தார். சட்டம் வருவதற்கு முன் நடந்ததை எப்படி விசாரிப்பீர்கள் என்று சிறிமாவோ மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. உடனே அரசு சட்டத்தைத் திருத்தி, முன்பு நடந்ததற்கும் பொருந்தும் என்று பின்தேதி போட்டது. 1980 ஒக்டோபரில் சிறிமாவோவின் குடியியல் உரிமைகளை ஏழு ஆண்டுக்குப் பறித்து, நாடாளுமன்றத்திலிருந்தும் வெளியேற்றினார்கள். பீலிக்ஸ் டயஸின் குடியியல் உரிமைகளும் அப்படியே போயின. இந்த அரசில் இராஜாங்க அமைச்சின் செயலாளர் நாற்காலியில் இருந்தவர், 1962 வழக்கின் முதலாம் எதிரி டக்ளஸ் லியனகே.

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிப்பது அடி வாங்கியவனின் வேலை. 1962இல் 24 கனவான்களுக்காகத் திறந்த வழி, வழக்கு முடிந்ததும் மூடிவிடும் என்று உறுதி சொல்லித் திறந்த வழி, இதில் நிலையாகிப்போனது. முதலில் தற்காலிகம் என்றுதான் வந்தது, 1982இல் நிரந்தரமாக்கினார்கள்.

அந்தச் சட்டத்தில் 1993இல் பிடிபட்ட ஒரு தமிழ் இளைஞரின் வழக்கைச் சொல்லி நிறுத்துகிறேன். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வாக்குமூலம் சிங்களத்தில் பதிவானது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ்காரர். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. அந்த ஒரே தாளை வைத்து 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை கொடுத்தது. மேன்முறையீட்டில் 35 ஆனது. ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் அது நியாயமான விசாரணை இல்லை என்று சொன்னது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் இலங்கை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2006இல் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. ஜெனீவாவில் உள்ள குழுவொன்று இந்த நாட்டுக் கைதியின் முறைப்பாட்டைக் கேட்டுக் கருத்துச் சொல்ல இடம் கொடுப்பது, இலங்கை மக்களின் நீதித்துறை அதிகாரத்தை வெளியாரிடம் கொடுப்பதாகும், அது அரசியலமைப்புக்கு முரண் என்பது காரணம்.

நீதித்துறை அதிகாரம். 1965இல் லண்டனில் 11 பேரை வெளியே கொண்டுவந்த அதே வார்த்தைகள்.